வீட்டு மனையில் டாமார் மின்யாக்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பனி போர்த்து நிற்கும் கூம்பு வடிவ மரத்தை நாம் கண்டிருக்கிறோம். அது ஸ்ப்ரூஸ் எனப்படும் குளிர்நாட்டு மரம். நார்வே நாட்டினர் 1947 முதல் ஆண்டுதோறும் அத்தகைய மரமொன்றை லண்டன் மாநகருக்கு அன்பளிப்பாக அனுப்பி வருகின்றனர். நம் வெப்ப நிலத்தில் அது செழிக்காது. ஆயினும், அதனைப் போன்றே கூம்புக் காய்களில் விதை தரும் நெடுமரம் ஒன்று மலேசியக் காடுகளில் இயற்கையாகவே வளர்கின்றது. அதுவே டாமார் மின்யாக். மலாய் மொழியில் டாமார் என்றால் பிசின். மின்யாக் என்றால் எண்ணெய். இலைகள் ஊசி போன்றவை அல்ல; தட்டையானவை, தடித்தவை. பினாங்குக் கொடிமலையில் இம்மரத்தைக் காணலாம்.

ரப்பர் மரம் சீவும் அன்பர்களுக்கு இதன் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டையைக் கீறினால் பால் வடிவதைப் போல, இதன் பட்டையிலிருந்து பிசின் வடியும். மெருகெண்ணெய் செய்வதற்கு அது பயன்பட்டது. கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் என்னவாகும் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். காட்டில் பிசின் எடுத்தோர் அளவின்றி வெட்டியதால் பல மரங்கள் நலிந்தன. பலகைக்காகவும் பல வீழ்த்தப்பட்டன. இன்று இது அழியும் அபாயத்திலுள்ள இனமென உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே, நாம் வளர்க்கும் மரத்தில் விளையாட்டுக்கும் கத்தி வைக்கலாகாது.

எங்கே நடுவது? லயத்து முற்றம் இதற்கு ஏற்றதன்று. முதிர்ந்த மரம் 40 மீட்டருக்கும் மேல் உயரும். சொந்த மனை உடையோர் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல், மின்கம்பிக்கு அப்பால் நடுக. அவ்வளவு இடமில்லையெனில் ஆலய வளாகமோ பள்ளித் திடலோ தக்க இடமாகும். தோட்ட நிலமாயின் நிர்வாகத்தின் அனுமதியை முதலில் பெறுதல் வேண்டும்.

விதையை நெடுநாள் வைத்திருந்தால் முளைக்காது. நாற்றுப் பண்ணையில் கன்று வாங்குவதே நலம். வனக் காப்பு நிலத்தில் உரிமமின்றிக் கன்று பிடுங்குவது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும்.

மழை தொடங்கும் வேளையில், நீர் தேங்காத இடத்தில், இரண்டடி அகலக் குழி தோண்டுக. பழைய ரப்பர்க் காடாக இருந்த நிலமாயின் சற்றுக் கவனம் தேவை. மண்ணில் எஞ்சிய கட்டைகளிலும் வேர்களிலும் வெள்ளை வேர் நோயின் பூசணம் தங்கியிருக்கும். அது பிற மரங்களையும் தாக்க வல்லது. அவ்வேர்களை ஒன்று விடாமல் பொறுக்கி எரித்த பின்னரே கன்றை நடுக. பையிலிருந்த மண்மட்டம் நிலமட்டத்தோடு ஒத்திருக்கட்டும். தண்டைப் புதைத்தல் கூடாது. வெட்டிய லாலாங் புல்லை வேர்ப்பகுதியில் பரப்பலாம். ஆயினும் அது தண்டைத் தொடாதிருக்க வேண்டும்.

இளங்கன்று காட்டு நிழலில் வளரும் இயல்புடையது. முதலிரண்டு ஆண்டுகள் தென்னங்கீற்றால் நிழல் அமைத்து, பின்னர்ச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குக. நடுக்குருத்தை ஒருபோதும் கிள்ளலாகாது. ஆடு வளர்ப்போர் நடும் அன்றே சுற்றிலும் மூங்கில் வேலி கட்டிவிடுக.