அளப்பதற்கு முன்னும் அளந்த பின்னும்

ஆழ்வார்குறிச்சி

அன்புள்ள கோமதிக்கு,

இங்கே ஆச்சியும் நானும் சுகம். ‘நல்லா இருக்கியா’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன் தாத்தா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டாய்? ராத்திரி லேபை விட்டு ஹாஸ்டலுக்கு எத்தனை மணிக்குப் போகிறாய்? இந்த ரெண்டும் தெரியாமல் ஆச்சிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பருப்புப் பொடியும் சுண்டவத்தலும் கட்டி வைத்திருக்கிறாள். சென்னைக்குப் போகிற ஆள் கிடைத்ததும் கொடுத்துவிடுகிறோம். பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு. டப்பாவை ஒளித்து வைத்துத் தின்கிற பழக்கம் சின்ன வயசோடு போயிருக்கும் என்று நம்புகிறேன்.

நீ சென்சார் ஆராய்ச்சியில் சேர்ந்த செய்தி தெருவுக்கே தெரிந்துவிட்டது. ‘பேத்தி என்ன படிக்கா?’ என்று கேட்கிறவர்களிடம் ஆச்சி, ‘தொட்டாத் தெரிஞ்சுக்கிடுத மிஷின் செய்யுதா’ என்கிறாள். அவள் சொல்வதில் பிசகில்லை. வெளியே ஏதாவது மாறினால் கூடவே தானும் மாறுகிற ஒரு பொருள், அந்த மாற்றத்தை மின்சாரமாக்க ஓர் ஏற்பாடு, அதை எண்ணாக்கிக் காட்ட ஒரு சில்லு. பெரும்பாலான சென்சார்கள் இவ்வளவுதான். பழைய அறிவியல் வாத்தியாருக்கு இதற்கு மேலும் பாடம் நடத்தக் கை பரபரக்கிறது. ஆனால் அதை உன் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அளப்பதற்கு முன்னும் அளந்த பின்னும் செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான் என் கவலை. ஓர் எண் மெய்யாவதும் பொய்யாவதும் அங்கேதான்.

போன லீவில் நீ வந்திருந்தபோது, மாம்பழம் நறுக்கிய கையோடு ஆச்சி சர்க்கரை பார்க்க விரலை நீட்டினாள். நீ ஊசியைத் தொடாமல், ‘ஆச்சி, கையைக் கழுவிட்டு வாங்க’ என்றாய். விரலில் ஒட்டிய பழச்சாறு ரத்தச் சொட்டோடு கலந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால் ஆபத்து. உன் பேரில் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். அந்த மீட்டரின் மூல யோசனை 1962-இல் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க் கொடுத்தது. ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் கலந்து கிடக்கின்றன. குளுக்கோஸை மட்டும் பிடித்து வினைபுரிகிற ஒரு நொதியை மின்முனையோடு சேர்த்து வைத்தால், நடக்கும் வினையின் அளவை மின்சாரமாகப் படித்துவிடலாம். இப்போது தோளில் ஒட்டிக்கொண்டால் ராப்பகலாக அளக்கிற வில்லைகளும் வந்துவிட்டன. அவற்றின் மெல்லிய இழை தொடுவது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் இருக்கும் திரவத்தை. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிஷம் பிந்தித்தான் காட்டும். கருவி எதைத் தொட்டு இந்த எண்ணைச் சொல்கிறது என்று தெரிந்தவருக்கே அந்த எண் உதவும்.

நீ ஆறாவது படிக்கும்போது நம் அடுப்படியில் வெப்பமானியைச் சோதித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஐஸைத் தட்டித் தண்ணீரில் போட்டுக் கலக்கி, அதில் வைத்தால் சுழியம் காட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் நூறு காட்ட வேண்டும். ‘கொடைக்கானலுக்குக் கொண்டுபோனா?’ என்று கேட்டாய். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், காற்றழுத்தம் குறைவு என்றேன். அன்றைக்கு முழுக்க நீ வீட்டில் ஒருவரையும் விடவில்லை. ஆச்சியின் குழம்பு முதல்கொண்டு எல்லாம் எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டாய். அந்தக் குறும்பு இருக்கட்டும். தெரிந்த இரண்டு அளவுகளில் வைத்துச் சரிபார்க்காமல் தெரியாத ஒன்றை அளக்கத் துணியாதே. அளந்து முடித்ததும் மறுபடி ஒருமுறை சரிபார். சென்சாருக்கும் வயசாகும். நொதி பலம் குறையும், முனையில் அழுக்குப் படியும். ஒரே நாளில் கெட்டால் கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிற கருவிதான் ஆளை ஏமாற்றும்.

மழைமானியையே எடுத்துக்கொள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியதை நீயும் பார்த்தவள்தான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தானியங்கி மழைமானிகள் பலவற்றில் உள்ளே இரண்டு குட்டிக் கிண்ணங்கள் சீசாப் பலகை போல மாறி மாறிச் சாயும். ஒரு கிண்ணம் நிறைந்து சாய்ந்தால் ஒரு கணக்கு. அடைமழையில் கிண்ணம் சாய்கிற அந்த நொடியில் விழுகிற தண்ணீர் கணக்கில் சேராமல் போகும். அதனால் பெருமழையைக் கருவி குறைத்தே காட்டும். அந்தக் குறையை ஈடுகட்டக் கணக்கு இருக்கிறது. ஆனால் புனலில் ஒரு வேப்பிலை விழுந்து அடைத்துக்கொண்டால் எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது. வாரம் ஒருமுறை போய் இலையைப் பொறுக்கி எறிகிற ஆள் வேண்டும். காலை எட்டரை மணிக்கு, கொட்டுகிற மழையிலும், கண்ணாடி அளவையில் ஊற்றிப் படித்து எழுதுகிற ஆள் வேண்டும். அணையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர்கள் கையில் இருப்பது அந்த ஆள் எழுதிய எண். நாளைக்கு நீ பெரிய விஞ்ஞானியானாலும், இலை பொறுக்குகிற வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நகராதே.

இனி நம் வயலுக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் மண் ஈரங்காட்டி என்று ஒன்றைச் செய்திருக்கிறது. கம்பிகளை மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம். பச்சை என்றால் போதும். ஆரஞ்சு என்றால் தண்ணீர் பாய்ச்சலாம். சிவப்பு என்றால் இப்போதே பாய்ச்ச வேண்டும். அளவும் அலகும் படிக்கத் தெரியாதவரும் வரப்பில் நின்றே முடிவெடுக்கலாம். இதைச் செய்தவர்கள் சென்சாரை மட்டும் யோசிக்கவில்லை, அதைப் பிடிக்கப் போகிற கையையும் யோசித்திருக்கிறார்கள். நீ எதைச் செய்தாலும் இந்த யோசனை உனக்கு வர வேண்டும்.

நெல்லுக்கு இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் பதித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு மடையைத் திறந்தால் போதும். பூக்கிற சமயத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். கடனா அணை 85 அடி நிரம்பிய வருஷமும் உண்டு, பிசான நெல்லுக்குத் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்த வருஷமும் உண்டு. வானத்தைப் பார்க்கிற வருஷத்தில் இந்தக் குழாயின் அருமை தெரியும். இதில் மின்சாரம் இல்லை, சில்லு இல்லை. ஆனாலும் இதுவும் அளவுதான். விலை கூடிய கருவிதான் நல்ல கருவி என்ற எண்ணம் உனக்கு வந்துவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் மறக்காதே. லேபில் சலித்த மண்ணில் வேலை செய்யும் கம்பி கரிசலில் திண்டாடும். காய்ந்ததும் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகுந்துவிட்டால் கருவி சொல்வது மண்ணின் சேதி அல்ல. நம் வயலில் மடை பார்க்கிறவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி, உருண்டை நிற்கிறதா உதிர்கிறதா என்று பார்ப்பார். கருவியைக் கொண்டுபோனால் முதலில் அவரிடம் கேள், அப்புறம் விளக்கைப் பார். ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் உனக்கு அன்றைக்கு நல்ல வேலை கிடைத்தது என்று அர்த்தம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2023-இல் பாலில் கலப்படம் பார்க்க ஒரு காகிதக் கருவி செய்தார்கள். ஒரு மில்லிலிட்டர் பால், 30 விநாடி போதும். யூரியா, சோப்பு, ஸ்டார்ச், சமையல் சோடா எல்லாம் நிறமாகத் தெரிந்துவிடும். மோட்டார் கிடையாது, காகிதமே பாலை உறிஞ்சி மருந்து தடவிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஆச்சியிடம் சொன்னதும், ‘நம்ம பால்காரர் மனசு நோகாம எப்படிப் பாக்கது?’ என்றாள். உன் படிப்பில் யாரும் கேட்காத கேள்வி இது. யாரை அளக்கிறோமோ அவர்களுக்கு மரியாதை குறையாமல் அளக்க வேண்டும்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் எழுத்து கோழி கிளறியது மாதிரிதான், அதை இனி நான் திருத்தப் போவதில்லை. ஆனால் தேதி, நேரம், இடம், எந்தக் கருவி, அன்றைக்கு வெயிலா மழையா என்பதை விடாமல் எழுது. தூசு அளக்கிற மலிவான சென்சார்கள் ஒளி சிதறுவதை வைத்துத்தான் துகளை எண்ணுகின்றன. மார்கழிக் காலையில் பனித்துளியையும் தூசு என்றே எண்ணிவிடும். ‘பனி இருந்தது’ என்று நீ ஓரத்தில் எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும். எழுதாவிட்டால் நம் ஊர் சுத்தமான காற்றுக்குக் கெட்ட பேர் வரும்.

வினோதமான எண் வந்தால் அழித்துவிடாதே. அண்டார்டிகாவில் ஹாலி நிலையத்தில் 1950-களிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் ஓசோனை அளந்து எழுதி வந்தார்கள். பிற்பாடு அந்த அளவு பயங்கரமாகக் குறைந்தது. ஜோசப் ஃபார்மனும் கூட்டாளிகளும் சரிபார்த்து 1985-இல் வெளியிட்டார்கள். மேலே செயற்கைக்கோளும் அதே குறைந்த அளவுகளைக் கண்டிருந்தது. ஆனால் அவை நம்ப முடியாத அளவுகள் என்று கணினியில் குறியிடப்பட்டுக் கிடந்தன. பழைய கருவியும் பழைய நோட்டும் இருந்ததால் உலகம் விழித்துக்கொண்டது. இரண்டே வருஷத்தில் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது.

பொறுமை வேண்டும் பிள்ளே. 2021-இல் மருத்துவ நோபல் வாங்கிய இருவரும் நம் உடம்புக்குள் இருக்கும் சென்சார்களைத் தேடியவர்கள். டேவிட் ஜூலியஸ் மிளகாயின் காரப்பொருளை வைத்துச் சூட்டை உணரும் புரதத்தைக் கண்டுபிடித்தார். சூட்டுக்கும் காரத்துக்கும் அதே புரதம் விழித்துக்கொள்வதால்தான் மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறது. ஆர்டெம் படபூட்டியன் குழு, அழுத்தத்தை உணரும் புரதத்துக்காக 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தது. மரபணு மாறிக்கொண்டே போனாலும், செல்லை நுண்குழாயால் அழுத்துகிற வேலை மட்டும் மாறவில்லை. இனி வரப்போவது குவாண்டம் சென்சார்கள். வைரத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணு, பக்கத்தில் ஓர் அணு இல்லாத வெற்றிடம். பச்சை லேசர் பட்டால் இந்த ஜோடி சிவப்பாக ஒளிரும். அருகே காந்தப்புலம் மாறினால் அந்த ஒளியும் மாறும். இதயத்தின், மூளையின் மெல்லிய காந்தப்புலத்தை இப்படிப் படிக்க உலகமெங்கும் முயல்கிறார்கள். நம் நாட்டில் 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கம், சென்சார் பிரிவை மும்பை ஐ.ஐ.டி.யிடம் கொடுத்திருக்கிறது. நீயும் ஒரு நாள் அந்தப் பக்கம் போகலாம். அங்கே போனாலும் கருவியைத் துடைக்கிறதும் சரிபார்க்கிறதும் நோட்டில் எழுதுகிறதும் உன் வேலைதான்.

பிசான நடவுக்கு நீ வருவதாகச் சொன்னாயே, அந்த ஈரங்காட்டி ஒன்றை எப்படியாவது வாங்கிக்கொண்டு வா. நம் வயலில் வாய்மடையில் ஓரிடம், கடைமடையில் ஓரிடம் என்று குத்திப் பார்ப்போம். நீ விளக்கைப் படி, மடை பார்க்கிறவர் மண்ணைப் பிடித்துப் பார்க்கட்டும், நான் நோட்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லேபில் இருக்காதே. தூக்கம் கெட்ட கண் பத்தை நூறாகப் படிக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணு. முதலில் ஆச்சியிடம் பேசு, அப்புறம் என்னிடம்.

ஆசியுடன்,
தாத்தா