முதலை ஏன் இருவாழ்வி இல்லை?

கொடுமுடி ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புக்கு ஒரு சிறுதேர்வு வைத்தேன். "இருவாழ்விகளுக்கு இரண்டு எடுத்துக்காட்டு தருக" என்பது ஒரு வினா. ஒரு மாணவி "தவளை, முதலை" என்று எழுதியிருந்தாள். முதலையைச் சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

மறுநாள் விடைத்தாளோடு வந்து நின்றாள். "டீச்சர், தண்ணியிலயும் தரையிலயும் இருக்கறது இருவாழ்வின்னு நீங்கதானுங்க எழுதிப் போட்டீங்க. முதலையும் அப்படித்தானுங்களே?" குறிப்பேட்டில் நான் கரும்பலகையில் எழுதிய அதே வரி இருந்தது. பிழை அவள் விடையில் இல்லை, என் வரையறையில் இருந்தது. வகுப்பின் முன் அதை ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேன். பாடத்தையும் மீண்டும் நடத்தினேன்.

வாழிடம் போதாது

முதலில் ஒரு செய்தி சொன்னேன். வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸ், 1758இல் வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் தவளை, ஆமை, முதலை, பாம்பு எல்லாவற்றையும் இருவாழ்விகள் என்ற ஒரே வகுப்பில்தான் வைத்திருந்தார். பின்வந்த அறிஞர்கள்தாம் பிரித்தார்கள். இதைக் கேட்டதும் அந்த மாணவியின் முகம் மலர்ந்தது.

பிறகு மீன், தவளை, முதலை மூன்றுக்கும் நான்கு கேள்விகள் கொடுத்துக் குழுவாக அட்டவணை நிரப்பச் செய்தேன்: முட்டைக்கு ஓடு உண்டா? தோல் எப்படிப்பட்டது? குஞ்சு தாயைப் போல இருக்கிறதா? எந்த உறுப்பால் சுவாசிக்கிறது?

முதலை ஓடுள்ள முட்டையைக் கரையில் இடுகிறது. குஞ்சு வெளிவரும்போதே நுரையீரலால் சுவாசிக்கிறது, தோலும் செதிலுடையது. தவளையின் முட்டைக்கு ஓடில்லை, கூழ்போன்ற உறைதான். தலைப்பிரட்டை செவுளால் சுவாசிக்கிறது. வளர்ந்த தவளை நுரையீரலாலும் ஈரத்தோலாலும் சுவாசிக்கிறது. அட்டவணை நிரம்பியதும் முதலை ஊர்வன என்பதை மாணவர்களே சொல்லிவிட்டார்கள்.

வயலில் ஒரு பாடம்

ஐப்பசி மழைக்குப் பின் காலிங்கராயன் வாய்க்கால் பாசன வயலோரம் தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகளைக் காட்டினேன். எதையும் பிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை பார்த்து வரைந்தோம். முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால், கடைசியில் வால் மறைவது என்ற வரிசை அவர்கள் படங்களிலேயே தெரிந்தது. "தலைப்பிரட்டை மீன் இல்லீங்களா?" என்ற ஐயமும் அங்கேயே தீர்ந்தது. ஒரு பருவத்தை மட்டும் பார்த்து வகைப்படுத்தக் கூடாது, முழு வாழ்க்கையையும் பார்க்க வேண்டும்.

தவளையின் முகவரி

வகைப்பாட்டை முகவரி போல எழுதினோம். நம் வயல்களில் காணும் பெரிய தவளைக்கு:

உலகம்: விலங்குகள்
தொகுதி: முதுகுநாணிகள்
வகுப்பு: இருவாழ்விகள்
வரிசை: அனூரா (வாலற்றவை)
குடும்பம்: டைக்ரோகுளோசிடே
பேரினம்: ஹோப்ளோபட்ராக்கஸ்
சிற்றினம்: டைகிரினஸ்

பழைய நூல்களில் இதன் பெயர் ரானா டைகிரினா. உறவுமுறை தெளிவாகத் தெளிவாகப் பெயரும் மாறியது. இரண்டு பெயரும் ஒரே உயிரிதான் என்று மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. தேரையும் அனூரா வரிசையே, குடும்பம் மட்டும் வேறு (புஃபோனிடே). வாலுள்ள சாலமாண்டர்களும் காலில்லாத சிசிலியன்களும் இதே வகுப்பின் மற்ற இரண்டு வரிசைகள். சிசிலியனைப் பாம்பு என்றோ மண்புழு என்றோ எண்ணி அடித்துவிடுபவர்கள் உண்டு. வகைப்பாடு அறிந்த பிள்ளை தடுப்பான்.

இந்தப் பணி முடிந்துவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கடியில் வாழும் ஊதாத் தவளை 2003இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அதற்கென ஒரு புதிய குடும்பமே உருவாக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவினர் செஷல்ஸ் தீவுகளில் உள்ளன. இரண்டாவது இனம் 2017இல் தமிழ்நாட்டுப் பக்கம் விவரிக்கப்பட்டது. அதற்குக் கோவை சலீம் அலி மையத்தில் பணியாற்றிய ஆய்வாளர் பூபதியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இந்த ஆண்டு கரும்பலகையில் வரையறையை நான் முதலில் எழுதவில்லை. அட்டவணையை நிரப்பியபின் மாணவர்களையே எழுதச் சொன்னேன். நீங்களும் செய்து பாருங்கள். தவளையைத் தொட்டால் கை கழுவச் சொல்ல மறக்காதீர்கள்.