பழம்பொருள் விற்பனையும் குறை சொல்லும் கடமையும்

வீட்டில் புழங்கிய சாமான்களை விற்பதென்றால் முன்பெல்லாம் தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைப்போம். வாங்குகிறவர் வந்து, தட்டிப் பார்த்து, புரட்டிப் பார்த்து விலை பேசுவார். இன்று கைப்பேசியில் மூன்று படம் எடுத்து, இரண்டு வரி எழுதி, ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழு என்று போட்டு விடுகிறோம். காயல்பட்டினத்தில் ஒரு வீட்டார் போட்ட விளம்பரத்தைக் கண்டு, மணப்பாட்டிலிருந்து ஒரு கடற்தொழிலாளி ஃபிரிட்ஜ் வாங்க லோடு ஆட்டோ பிடித்து வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் நம் வீட்டை அறியார்; பொருளையும் கண்டவரல்லர். நாம் எழுதிய இரண்டு வரியை நம்பியே வருகிறார். அந்த இரண்டு வரி மார்க்கத்தின் பார்வையில் எப்படி இருக்க வேண்டும் என்பதே இம்மாதப் பாடம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இதென்ன என்று வினவ, மழையில் நனைந்து விட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மழை பெய்தது அவ்வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை உள்ளே தள்ளியதே குற்றம்.

நமது கடற்கரையோரத்தாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுவதிலும் எத்தனையோ வீடுகளில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஸ்கூட்டரும் தண்ணீரில் நின்றன. துடைத்துக் காயவைத்தால் பல பொருள்கள் மீண்டும் ஓடும். ஆனால் ஒயர் இணைப்புகளில் பச்சைப் பாசம் பிடிப்பதும், எஞ்சின் ஆயிலில் கலந்த நீர் வேலையைக் காட்டுவதும் பல மாதம் கழித்துத்தான் தெரிகிறது. விற்கும் நாளில் வண்டி பளபளவென்றிருக்கும். அந்தத் தானியக் குவியலின் ஈரம் இதுவேதான்.

பழம்பொருள் என்றாலே குறையுள்ளதுதானே, எதையெல்லாம் எழுதிக் கொண்டிருப்பது என்று சிலர் கேட்கக்கூடும். அத்தகைய பொருளில் பொதுவாக இருக்காததும், பொருளின் மதிப்பையோ பயனையோ குறைப்பதும் எதுவோ அதுவே குறை என்று சட்ட நூல்கள் வரையறுக்கின்றன. ஐந்தாண்டு ஓடிய ஸ்கூட்டரில் கீறல் இருப்பதை எவரும் எதிர்பார்ப்பர். அது வெள்ளத்தில் மூழ்கியதை எதிர்பார்க்க மாட்டார். கடலோரத்து உப்புக்காற்றில் அடித்தகடு துருப்பிடிப்பது நமக்குச் சாதாரணம். கோவில்பட்டியிலிருந்து வருகிறவருக்குச் சாதாரணமன்று. ஆகவே வாங்குபவரின் இடத்தில் நின்று எழுத வேண்டும்.

"இருக்கும் நிலையில் விற்பனைக்கு, பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை" என்று ஒரு வரி சேர்த்து விட்டால் தப்பித்தோம் என்று கருதுவோர் பலர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை உயிர்ப்பிராணியில், விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டுமே செல்லும். ஃபிரிட்ஜுக்கும் ஸ்கூட்டருக்கும் அது காப்பாகாது. ஹனஃபி மத்ஹபில் அந்நிபந்தனை செல்லுபடியாகும். எனினும் அறிந்த குறையை மறைத்த பாவம் இரண்டிலுமே நீங்குவதில்லை.

அடுத்து, படம். கி.பி. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், துணியின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுவதையும், இருட்டான இடத்தில் துணி காட்டுவதையும், காலணி ஜோடியில் நல்லதை மட்டும் எடுத்துக் காட்டுவதையும் மோசடியின் வகைகளாக எண்ணுகிறார்கள். கேமரா என்ற ஒன்று வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நமது விளம்பரப் படங்களைப் பற்றி எழுதியது போலல்லவா இருக்கிறது! துருப்பிடித்த அடிப்பாகத்துக்கும் ஒரு படம் போடுங்கள், பகல் வெளிச்சத்தில். கம்பெனி விளம்பரத்திலிருந்து எடுத்த புதுப்பொருளின் படத்தைப் போடுவது அறவே கூடாது.

புகழ்ச்சியைப் பற்றியும் இமாமவர்கள் நுட்பமாகச் சொல்கிறார்கள். இல்லாத சிறப்பைச் சொன்னால் பொய். இருப்பதாயினும் வாங்குபவர் தாமே அறியக்கூடியதைச் சொல்வது வீண்பேச்சு. நாம் சொன்னாலொழிய அவருக்குத் தெரியாத சிறப்பை மிகைப்படுத்தாமல் சொல்வதில் தவறில்லை. "சூப்பர் கண்டிஷன்" என்பது முதல் வகையிலோ இரண்டாவதிலோ அடங்கிவிடும். சென்ற மாதம் பேட்டரி மாற்றியது மூன்றாவது வகை. அதைத் தாராளமாக எழுதலாம்.

ஆக, விளம்பரம் இப்படி அமையலாம்: "ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், 190 லிட்டர். 2019-ல் புதிதாக வாங்கியது. 2023 வெள்ளத்தில் ஒரு முழம் உயரம் தண்ணீர் நின்றது. ரிலே மாற்றியபின் ஓடுகிறது. பின்புறம் அடியில் துரு, படம் உள்ளது. ஐஸ் கட்ட நேரமாகும். நேரில் வந்து ஓடவிட்டுப் பார்த்தபின் பேசிக்கொள்ளலாம்." இதைப் படித்துப் பத்துப் பேர் ஒதுங்கலாம். வருகிற பதினோராமவர் வாசலில் நின்று சண்டை போடமாட்டார்.

கடைசி வாக்கியத்தை அழகுக்காகச் சேர்க்கவில்லை. பிரிட்டிஷார் காலத்தில் தூத்துக்குடி முத்துக்குளிப்புகளில் அரசின் பங்குச் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக, திறவாமலே ஏலம் விட்டார்கள். 1955 முதல் 1961 வரை நடந்ததோடு அந்தக் குளிப்புகள் ஓய்ந்தன. சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். ஷாஃபிஈ நூல்களில், மாதுளைக்கும் முட்டைக்கும் தோட்டைப் பார்த்தால் போதும், சிப்பிக்குள்ளிருக்கும் முத்துக்கு அது போதாது என்று இதே உதாரணம் வருகிறது. அம்மத்ஹபின் வலுவான கூற்றில் காணாத பொருளை வாங்குவது செல்லாது. ஹனஃபியில் செல்லும், கண்டபின் மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. எனவே விளம்பரத்தை அழைப்பாக மட்டும் வைத்து, வியாபாரத்தை நேரில் முடிப்பதே இரு சாராருக்கும் பேணுதலாகும்.

வருகிறவர் கிறிஸ்தவரோ இந்துவோ, இதில் வேற்றுமையில்லை. அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் 83-ஆம் அத்தியாயம், அவர்கள் "மனிதர்களிடம்" செய்யும் மோசடியைத்தான் சொல்கிறது.

விற்பவர் மட்டுமல்ல, விவரம் தெரிந்த மூன்றாமவரும் இதில் சேர்த்தி. முந்நூறு திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகை விலைபோனதை வாஸிலா (ரலி) கவனியாதிருந்து விட்டார்கள். பிறகு வாங்கியவரின் பின்னால் ஓடி, இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் துளையிருப்பதைச் சொன்னார்கள். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்தீரே என்று அவர் சடைந்து கொண்டார். குறையை அறிந்தவர் சொல்லாதிருப்பது ஆகுமானதல்ல என்று நபியவர்கள் சொல்லத் தாம் கேட்டதாக வாஸிலா பதிலளித்தார்கள். பக்கத்து வீட்டு வண்டி மூழ்கியதைக் கண்டவர், குழுவில் அதன் விளம்பரத்தைப் பிறருக்கு அனுப்பும்போது இதை நினைத்துக் கொள்ளட்டும்.

இன்னும் இரண்டொன்று. வாங்கும் எண்ணமில்லாத மச்சானையோ நண்பரையோ விட்டு "நான் அதிகம் தருகிறேன்" என்று எழுதச் செய்வது, ஹதீஸில் தடுக்கப்பட்ட "நஜ்ஷ்" ஆகும். முன்பணம் வாங்கி, வாங்காவிட்டால் திருப்பித் தரமாட்டோம் என்று நிபந்தனையிடுவது ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டிலும் கூடாது. ஹன்பலியில் மட்டுமே இடமுண்டு. பொருள் விற்றதும் விளம்பரத்தை அன்றே நீக்கி விடுங்கள். மணப்பாட்டிலிருந்து இன்னொருவர் ஆட்டோ பிடித்துவிடப் போகிறார்.