கொரியாவில் ஆங்கில ஆசிரியர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொரியத் தொடர்கள் நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்த பிறகு, தென் கொரியாவுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா என்று விசாரிக்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அந்த வேலையைப் பற்றி உலவும் பேச்சில் பெரும்பகுதி, அங்கே ஓர் ஆசிரியரின் நாள் எப்படிப் போகிறது என்று அறியாமல் பேசப்படுவது.

"தினம் நாலைந்து வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஊர் சுற்றலாம்" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. வகுப்புக் கணக்கு உண்மைதான், ஊர் சுற்றுவதுதான் பொய். அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை எடுக்கும் 'எபிக்' திட்டம் 1995-இல் தொடங்கியது. அதில் சேர்பவருக்கு வாரம் 22 பாடவேளை. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம்தான். ஆனால் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி. காலை எட்டரை மணியளவில் பள்ளிக்குப் போய், வெளிச் செருப்பைக் கழற்றி உள்செருப்பு மாட்டிக்கொண்டால், மாலை நாலரைக்குத்தான் கிளம்பலாம். மதியச் சாப்பாடும் பள்ளியில்தான்: சோறு, சூப், கிம்ச்சி, இரண்டு மூன்று தொடுகறி, எல்லாம் ஒரே தட்டில். சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நிற்கும் பிள்ளை, வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியை அங்கே கேட்கும். பிற்பகலில் அடுத்த நாள் பாடத்துக்கான படங்கள், விளையாட்டுகள், கேள்வித்தாள்கள் தயாராக வேண்டும். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாலும் ஆசிரியருக்கு முழுவதும் விடுமுறை கிடையாது. ஆங்கில முகாம் நடத்த வேண்டும். முகாம் முடிந்த பிறகும், ஆளில்லாத பள்ளியில் மேசை முன் உட்கார்ந்திருக்க வேண்டிய நாட்கள் வரும்.

தனியார் பயிற்சிக் கூடமான 'ஹாக்வொன்' வேலைக்கு நேரமே வேறு. பெரும்பாலும் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகுதான் அங்கே கடை திறக்கும். ஆசிரியர் பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பது, பத்துக்குத்தான் வெளியே வருவார். வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் இரவு உணவை முடித்துக்கொள்பவர்கள் உண்டு. சோல் நகரில் இரவு பத்து மணிக்கு மேல் ஹாக்வொன் நடத்தத் தடை இருக்கிறது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், தடை செல்லும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பிள்ளைகளைத் தூங்க அனுப்புவதற்கே ஒரு நாடு சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால், அந்த வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் மாலை எப்படியிருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஹாக்வொன் ஒரு வியாபாரமும்கூட. ஒரு தாய் அதிருப்தியில் பிள்ளையை நிறுத்தினால், அதற்கான விளக்கத்தை முதலில் ஆசிரியரிடம்தான் கேட்பார்கள்.

அடுத்தது, "ஆங்கிலம் சரளமாகப் பேசினால் போதும்." எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்த நம்பிக்கைதான். கொரியத் தொடக்கப் பள்ளிகளில் 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமாகத் தொடங்குகிறது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே படியில் இல்லை. ஐந்து வயதிலிருந்தே ஹாக்வொன் போய்க் கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளையும், எழுத்துகளை இப்போதுதான் பார்க்கும் பிள்ளையும் அருகருகே இருப்பார்கள். முதல் பிள்ளைக்குச் சலிப்பு வரக் கூடாது, இரண்டாவது பிள்ளைக்குப் பயம் வரக் கூடாது. கூடவே ஒரு கொரிய ஆசிரியர் வகுப்பில் இருப்பார். யார் எதைச் சொல்வது, யார் எப்போது விலகி நிற்பது என்பதை அவரோடு பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் அந்த 40 நிமிடமும் வீண். தன் பேச்சு வேகத்தைக் குறைப்பது, ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகப் பயிற்றுவது, தப்பாகிவிடுமோ என்று வாயே திறக்காத பிள்ளையை ஒரு சொல்லாவது சொல்லவைப்பது, இவையெல்லாம் கற்றுத் தேற வேண்டிய தொழில். பேசத் தெரிந்தவரெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் என்று நினைப்பது எல்லா ஊர் ஆசிரியர்களுக்கும் செய்யும் அவமரியாதை.

உயர்நிலைப் பள்ளியில் 'சுனுங்' என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் நிழல் விழுகிறது. நவம்பரில் நடக்கும் அத்தேர்வில், ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதி நடக்கும்போது நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. அவ்வளவு பெரிய தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் இல்லை. எனவே பேச்சு வகுப்பில் மாணவர்கள் ஆர்வமின்றி இருந்தால் அதற்கு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது.

"நம்மவர்கள் யார் வேண்டுமானாலும் போகலாம்" என்பது இன்னொன்று. ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் பொதுவாகத் தரப்படுகிறது. 2010-இல் நடப்புக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தம் ஒரு விலக்கு அளிக்கிறது. பட்டமும் ஆசிரியர் பயிற்சித் தகுதியும் உள்ள இந்தியர், பள்ளிகளில் துணை ஆசிரியராகலாம். ஹாக்வொன் கதவு இந்த வழியில் திறக்காது. எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, பி.எட். படித்து, பல ஆண்டு வகுப்பெடுத்த ஒருவரைவிடப் பாஸ்போர்ட்டின் நிறம் பெரிதாகிவிடுவது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் ஆசிரியருக்குத்தான்.

"பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்பதும் பாதி உண்மைதான். விசா வேலை தரும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தக் காலத்துக்கு நடுவில் மாற, பொதுவாகப் பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஓராண்டு முழுதாக முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி வர வேண்டும். அதைத் தவிர்க்கவே பதினோராம் மாதத்தில் வெளியே அனுப்பும் நிர்வாகங்கள் உண்டு என்ற புகார் நெடுங்காலமாக இருக்கிறது.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன், வகுப்பு நேரம் எவ்வளவு, பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தங்கும் அறை, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், பணிக்கொடை நான்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொரிய மொழிப் பிரதியையும் கேட்டுப் பெற்று, மொழி தெரிந்தவரிடம் காட்டுங்கள். அங்கே போன பிறகு சம்பளத் தகராறு வந்தால் தொழிலாளர் அமைச்சகத்தின் 1350, விசா ஐயங்களுக்குக் குடியேற்றத் துறையின் 1345 ஆகிய எண்களை வெளிநாட்டவரும் அழைக்கலாம்.