அறியாமை இன்பம் ஆகுமா?

அறியாமையே இன்பம் என்பார் உண்டு. அறிவே துன்பத்தின் வித்து என்று வாதிடுவாரும் உண்டு. மாணவர் மன்றங்களில் இது பழகிப்போன பட்டிமன்றத் தலைப்பு. ஒரு கட்சியார் தொட்டிலில் சிரிக்கும் குழந்தையைக் காட்டுவர். மறு கட்சியார் இருளையும் விளக்கையும் காட்டுவர். நடுவர் ஏதேனும் ஒரு பக்கம் தீர்ப்புக் கூறுவார். நாமும் கை தட்டிவிட்டுக் கலைந்து செல்வோம். அந்தத் தீர்ப்பினால் யாருடைய வாழ்வும் மாறுவதில்லை.

ஆனால், இதே வினாவுக்குத் தம் வாழ்வையே பணயமாக வைத்து விடை கூற வேண்டியவர்களும் இருக்கின்றனர். அவர்கள் வந்து அமரும் இடங்களுள் ஒன்று நம் பெங்களூரிலேயே உள்ளது. ஓசூர்ச் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தை அறியாதார் இந்நகரில் இலர். 1954இல் தோன்றிய அனைத்திந்திய மனநல நிறுவனமும், அதற்கு முன்பிருந்தே இயங்கிவந்த மனநோய் மருத்துவமனையும் 1974இல் ஒன்றாகி இப்பெயர் பெற்றன. அங்கே மரபுவழி நோய்களுக்கான சோதனையும் ஆலோசனையும் நடைபெறுகின்றன. அந்நோய்களுள் ஒன்று நம் வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. அதன் பெயர் ஹண்டிங்டன் நோய்.

நோயின் இயல்பு

ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1872இல் இந்நோயைத் தெளிவாக விளக்கி எழுதினார். அதனால் அவர் பெயரே நோய்க்கும் அமைந்தது. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையே இது தலைகாட்டும். கைகால்கள் தாமாகவே அசையத் தொடங்கும், நடை தள்ளாடும். குடித்துவிட்டு வருகிறார் என்று அயலார் பழிப்பதும் உண்டு. சினமும் சோர்வும் மிகும். நினைவும் சிந்தனையும் குன்றும். நோய் தொடங்கிய பின் 15 அல்லது 20 ஆண்டுகள் இத்துன்பம் நீளும். அவ்வப்போது தோன்றும் தொல்லைகளைத் தணிக்க மருந்துகள் உள்ளன; நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

இதன் காரணம் நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அதில் சி, ஏ, ஜி என்னும் மூன்று வேதியெழுத்துகள் ஒரு தொடராகத் திரும்பத் திரும்ப வரும். 26 முறை வரை வந்தால் கேடு இல்லை. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், வாழ்நாள் நீண்டிருக்கும் பட்சத்தில், நோய் வந்தே தீரும். இடைப்பட்ட எண்கள் உறுதி கூற இயலாதவை. தாய் தந்தையருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வரக்கூடிய வாய்ப்புச் சரிபாதி. காசைச் சுண்டிப் பார்ப்பது போன்றது அது.

இம்மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் நிலைமை அடியோடு மாறிற்று. நல்ல உடல்நலத்தோடு நடமாடும் 20 வயது இளைஞரின் சிறிதளவு இரத்தம் போதும். அவருக்குப் பிற்காலத்தில் இந்நோய் வருமா வராதா என்று கூறிவிடலாம். தந்தையைப் படுக்கையில் கண்டு வளர்ந்த அந்த இளைஞர் என்ன செய்வார்? அறிந்து கொள்வாரா? அறியாமல் இருப்பாரா?

வேண்டாம் என்றவர்கள்

அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு கருத்தை வைக்கிறார். வரப்போவதை முன்னரே அறிந்து காத்துக்கொள்பவருக்கு, நடுங்க வைக்கும் துன்பம் வருவதில்லை என்பது அது. இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். அறிவதோடு காத்தலும் அங்கே சேர்த்துச் சொல்லப்படுகிறது. மழை வரும் என்று அறிந்தால் கூரை வேயலாம். காக்க வழியில்லாத ஒன்றை முன்னரே அறிந்து பயன் யாது? அறியாமையின் கட்சிக்கு இதைவிட வலிமையான வாதம் கிடைப்பதரிது.

அந்த வாதத்தைப் பலர் தம் செயலால் ஏற்றுக்கொண்டனர். சோதனை வருவதற்கு முன் கேட்டபோது, நோயுள்ள குடும்பத்தினருள் பெரும்பாலோர் சோதித்துக் கொள்வோம் என்றே கூறினர். சோதனை வந்த பின் முன்வந்தவர்களோ, பெரும்பாலான நாடுகளில், ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு.

நான்சி வெக்ஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அவர் தாயாருக்கு 1968இல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. மகள் நோயின் வேரைத் தேடப் புறப்பட்டார். வெனிசுவேலா நாட்டில் மரக்காய்போ ஏரிக்கரைச் சிற்றூர்களில் இந்நோய் பல தலைமுறைகளாக மிகுந்திருந்தது. அங்கே ஆண்டுதோறும் சென்று இரத்தமும் குடிவழிச் செய்தியும் திரட்டினார். அந்த உழைப்பின் பயனாகவே மரபணு அகப்பட்டது, சோதனையும் பிறந்தது. ஆனால் சோதனை வந்தபோது, அவரும் அவர் தமக்கையும் அதனைச் செய்துகொள்ள முன்வரவில்லை. 2020இல்தான், தமக்கும் அந்நோய் வந்துவிட்டதை அவர் உலகறியச் சொன்னார். அறிவைத் தேடி வாழ்நாளைக் கொடுத்தவரே, தம்மைப்பற்றிய அறிவு ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கினார். இவரை அறியாமையை விரும்பியவர் என்று யார் கூறுவர்?

அறிந்தவர்களின் நிலை

இனி, அறிந்தவர்களின் பக்கம் வருவோம். கனடா நாட்டில் 135 பேரை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டனர். நோய் வரக்கூடும் என்று அறிந்தவர் ஒரு சாரார். வர வாய்ப்பில்லை என்று அறிந்தவர் மற்றொரு சாரார். சோதனை வேண்டாம் என்றவரும், சோதித்தும் தெளிவு கிடைக்காதவரும் மூன்றாம் சாரார். ஓராண்டின் முடிவில் யார் மனம் மிகவும் சோர்ந்திருந்தது? நற்செய்தி பெற்றவர் தேறியிருந்தனர், அதில் வியப்பில்லை. தீய செய்தி பெற்றவரும், எதையும் அறியாத மூன்றாம் சாராரைக் காட்டிலும் தேறியிருந்தனர்!

இதனைக் கொண்டு அறிவே வென்றது என்று முரசறைந்துவிடலாகாது. அவர்களுள் தீய செய்தி கேட்டவர்கள், கேட்கத் துணிந்து வந்தவர்கள். மேலும், பல நாடுகளில் சோதிக்கப்பட்ட 4,527 பேரைப்பற்றி 1999இல் வந்த ஆய்வில், 44 பேர் தற்கொலை, தற்கொலை முயற்சி, மனநோய்க்காக மருத்துவமனை சேர்தல் ஆகிய பெருந்துன்பங்களுள் ஒன்றுக்கு ஆளானமை தெரிந்தது. நூற்றுக்கு ஒருவர் என்பது சிறு கணக்குத்தான். ஆனால் அந்த ஒருவருக்கு அது முழுக் கணக்கு.

எனினும் கனடா ஆய்விலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. மனத்தை அரிப்பது அறிவும் அன்று, அறியாமையும் அன்று, ஐயம். கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவினால், நோய் வந்துவிட்டதோ என்று அஞ்சுவது ஐயம். பெயர் ஒன்று மறந்துபோனால் இரவெல்லாம் விழித்திருப்பது ஐயம். ‘அறியாமை இன்பம்’ என்பவர் இந்த ஐயத்தை அறியாமையோடு சேர்த்து எண்ணிவிடுகின்றனர்.

மூன்று நிலைகள்

ஆகவே, அறியாமை என்னும் ஒரே சொல்லால் நாம் குறிக்கும் மூன்று நிலைகளைப் பிரித்துக் காண வேண்டும். கேள்வி இருப்பதே தெரியாத நிலை ஒன்று. தொட்டிற் குழந்தையின் சிரிப்பு அதைச் சார்ந்தது. கேள்வி தெரிந்து விடை தெரியாத நிலை இரண்டாவது, அதுவே ஐயம். விடை எட்டும் தொலைவில் இருந்தும், எண்ணிப் பார்த்து, வேண்டாம் என்று விலகி நிற்பது மூன்றாவது. வெக்ஸ்லர் நின்ற இடம் அது. இன்பம் என்று புகழப்படுவது முதல் நிலையே. ஆனால், கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டவர் அந்நிலைக்குத் திரும்பிப் போக வழியில்லை.

நம் குடும்பங்களில் அந்த முதல் நிலையைப் பெரியவர்களே உண்டாக்கி வைப்பதும் உண்டு. தாத்தாவுக்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்பார்கள். அத்தைக்குப் ‘பேய் பிடித்தது’ என்பார்கள். பெண் கேட்டு வருபவர்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அன்பினாலேயே அவ்வாறு செய்கிறார்கள், ஐயமில்லை. ஆனால், மணந்து வந்த பெண் இரு குழந்தைகளைப் பெற்ற பின், கணவரின் கை நடுங்குவதைக் கண்டு முதன்முதலாக உண்மையை அறிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அதுவரை துய்த்தது இன்பமா? மணம் செய்வதா, பிள்ளை பெறுவதா, கருவிலேயே சோதித்துப் பார்ப்பதா என்று அவள் எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய அத்தனையும் அவளிடமிருந்து பறிக்கப்பட்டன அல்லவா? தானாக அறியாமல் இருப்பது வேறு. பிறர் மறைத்ததால் அறியாமல் இருப்பது வேறு.

நோயைத் தடுக்க இயலாவிட்டாலும் காத்தற்குரியவை வேறு உள்ளன என்பதும் இதனால் விளங்கும். உடலைக் காக்க உதவாத அறிவு, மனைவியைக் காக்கும், மக்களைக் காக்கும்.

யாருக்கு உரியது?

இதனால்தான் இச்சோதனைக்கென 1994இல் உலகப் பொதுவான நெறிகள் வகுக்கப்பட்டன. சோதனைக்கு முன் ஆலோசனை வேண்டும், எண்ணிப் பார்க்கக் காலம் வேண்டும், யாரும் வற்புறுத்தலாகாது. இரத்தம் கொடுத்த பிறகும், முடிவைக் கேட்காமல் எழுந்து போய்விடலாம். நோய்க்குறி இல்லாத சிறுவர்களைப் பெற்றோர் விருப்பத்திற்காகச் சோதிப்பதில்லை. அறிவதா வேண்டாமா என்பதை அவர்களே வளர்ந்து முடிவு செய்ய வேண்டும். மனித மரபணுத் தொகுதி பற்றி 1997இல் யுனெஸ்கோ செய்த பிரகடனமும், அறியாமல் இருக்க விரும்புவோரின் உரிமையை ஏற்றுக்கொண்டது.

சிக்கல் முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. தாத்தாவுக்கு நோய், தந்தை சோதனை வேண்டாம் என்கிறார், மகன் வேண்டும் என்கிறான். மகனுக்கு உண்டு என்று முடிவு வந்தால், தந்தைக்கும் உண்டு என்பது கேளாமலே வெளிப்படும். ஒருவர் அறியும் உரிமை மற்றவர் அறியாதிருக்கும் உரிமையை உடைக்கிறது. இதற்கு எந்த நெறிநூலும் எளிய விடை தரவில்லை. தந்தையும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவது ஒன்றே வழி.

முடிவாக, பட்டிமன்றத்து நடுவர்க்கு நாம் சொல்லக்கூடியது இது. அறிவா அறியாமையா என்று பொதுவாகத் தீர்ப்புக் கூற இயலாது. தன்னைப்பற்றிய உண்மையைக் கேட்கவும் கேளாதிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. இரண்டிலும் துணிவு உண்டு. ஆனால் பிறருக்குரிய உண்மையை மறைத்து, அவருடைய அறியாமையை இன்பம் என்று பெயரிட நமக்கு உரிமை இல்லை. நாளை நம் இல்லங்களில் ‘சின்னவர்களுக்கு எதற்கு இதெல்லாம்’ என்று ஒரு கதவு சாத்தப்படும்போது, இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்வோமாக.