கூடாரம் தைத்த தம்பதிகள்



சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு குடும்பத் தலைவர் என்னோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தார். வேலை போய், சொந்த ஊரை விட்டு, மனைவி மக்களோடு நம் பங்குக்கு வந்து ஏழு மாதமாகிறது. மரியாயின் சேனையில் சேரலாமே என்றேன். “சாமி, நாங்கள் இன்னும் இங்கே காலூன்றவில்லை. முதலில் ஒரு நிலைக்கு வருவோம்; பிறகு கோயில் காரியங்களைப் பார்க்கலாம்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கே ஒரு முறை திடீரென்று மாற்றல் வந்தபோது, புதிய பங்கில் மூன்று மாதம் வரை புத்தகப் பெட்டியைப் பிரிக்காமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவன் நான். அந்நாட்களில் எனக்குப் புத்தி சொன்னவர்கள், புதிய ஏற்பாட்டில் ஆறே இடங்களில் பெயர் காணப்படும் ஒரு கணவனும் மனைவியும். அவர்கள்தான் ஆக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். அவர்களைப் பற்றியதே இவ்வாரப் பாடம்.

ஆக்கிலா கருங்கடல் ஓரத்திலுள்ள பொந்து நாட்டில் பிறந்த யூதர். உரோமையில் குடியிருந்தார். அப்போது இராயனாயிருந்தவர் கிளவுதியுஸ். யூதர் எல்லாரும் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று அவர் கட்டளையிட்டதாக அப்போஸ்தலர் நடபடி 18-ம் அதிகாரம் கூறுகிறது. சுவெத்தோனியுஸ் என்னும் உரோமை சரித்திர ஆசிரியரும் இதைக் குறிப்பிட்டு, ‘கிறெஸ்துஸ்’ என்பவரின் தூண்டுதலால் யூதர் ஓயாமல் கலகம் செய்ததே காரணம் என்கிறார். நம் ஆண்டவரின் நாமத்தைத்தான் அவர் சரியாக விளங்கிக்கொள்ளாமல் இப்படி எழுதினார் என்று வேதசாஸ்திரிகள் பலர் கருதுகிறார்கள். கிறிஸ்துவைப் பற்றி உரோமை ஜெபக்கூடங்களில் எழுந்த வாக்குவாதம் தெருச் சண்டையாக மாறியிருக்கலாம். ஆண்டு ஏறக்குறைய கி.பி. 49.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டளை அநியாயமானது. கலகம் செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகத் துரத்தப்பட்டார்கள். மனிதர் செய்யும் அநியாயத்துக்கெல்லாம் “தேவ சித்தம்” என்று பெயர் சூட்டிப் பாதிக்கப்பட்டவனின் வாயை அடைப்பது ஞானமல்ல. சர்வேசுரன் தீமையிலிருந்தும் நன்மையை விளைவிக்க வல்லவர் என்பது வேறு. தீமையே நன்மை என்பது வேறு.

துரத்தப்பட்ட இருவரும் கிரேக்க நாட்டுக் கொரிந்து நகருக்குப் போனார்கள். ஏன் கொரிந்து? அவர்கள் தொழிலை அறிந்தால் விளங்கும். அவர்கள் கூடாரம் செய்பவர்கள். இத்தொழிலுக்குக் கத்தி, குத்தூசி, ஊசி, நூல் இருந்தால் போதும். ஒரு பையில் அடங்கிவிடும். கொரிந்துவோ இரு கடல்களுக்கு நடுவே இரண்டு துறைமுகங்கள் உள்ள பட்டணம். கி.மு. 146-ல் உரோமையரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-ல் யூலியுஸ் செசார் மறுபடி குடியேற்றிய ஊர் அது. ஆகவே பெரும்பாலும் வந்தேறிகளின் ஊர். பக்கத்திலுள்ள இஸ்துமியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை பெரும் விளையாட்டுத் திருவிழா நடக்கும். வருகிற கூட்டம் தங்கக் கூடாரம் வேண்டும், கடைக்காரருக்கு வெயில் மறைப்பு வேண்டும், கப்பலுக்குப் பாய் வேண்டும். பிழைக்கத் தெரிந்தவர்கள் தேடிப் போகிற இடந்தான்.

இவர்கள் கடை வைத்துப் பிழைக்கத் தொடங்கியிருந்த வேளையில், ஆத்தேன்ஸ் பட்டணத்திலிருந்து ஒருவர் தன்னந்தனியாய் அங்கே வந்து சேர்ந்தார். அவர்தான் அர்ச். சின்னப்பர். ஆத்தேன்ஸில் அவர் பிரசங்கத்தைக் கேட்டுச் சிலர் பரிகாசம் செய்திருந்தார்கள். தாம் கொரிந்துவுக்கு வந்தபோது பலவீனத்தோடும் அச்சத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் வந்ததாகப் பிற்பாடு அவரே கொரிந்தியருக்கு எழுதினார். அவருக்கும் கூடாரத் தொழில் தெரியும். அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு வேலை செய்தார். மகா அப்போஸ்தலர் வந்து ஏழைத் தம்பதிகளைத் தேற்றினார் என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். வேதாகமத்தைக் கவனித்து வாசித்தால், தளர்ந்து வந்த அப்போஸ்தலருக்குக் கூரையும் கூலியும் கொடுத்தவர்கள், ஊரை விட்டுத் துரத்தப்பட்ட இவ்விருவரே.

இவர்கள் எப்போது கிறிஸ்தவர்களானார்கள்? சின்னப்பர்தான் இவர்களை மனந்திருப்பினார் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொரிந்துவில் தாம் ஞானஸ்நானம் கொடுத்தவர்களைச் சின்னப்பரே பெயர் சொல்லி எண்ணுகிறார்: கிறிஸ்பு, காயு, ஸ்தேபனா வீட்டார். அந்தக் கணக்கில் இவர்கள் இல்லை. அக்காயா நாட்டின் முதற்கனி என்று அவர் அழைப்பதும் ஸ்தேபனாவின் குடும்பத்தையே. ஆகையால் இவர்கள் உரோமையிலேயே விசுவாசிகளாயிருந்து, விசுவாசத்தையும் தொழிற் பையோடு சுமந்து வந்தவர்கள் என்று கொள்வதே பொருத்தம்.

அப்படியானால் கஷ்டத்தில் இவர்கள் அடைந்தது என்ன? அதை அறிய அடுத்த பயணத்தைப் பாருங்கள். சின்னப்பர் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு இருந்தார். கல்லியோன் என்னும் அதிபதியின் நியாயாசனத்துக்கு முன் அவரை இழுத்துச் சென்றதும் அக்காலத்தில்தான். கல்லியோன் அங்கே அதிபதியாயிருந்தது ஏறக்குறைய கி.பி. 51-52 என்பதை டெல்பியில் கிடைத்த கல்வெட்டினால் அறிகிறோம். பிறகு அவர் கப்பலேறியபோது பிரிஸ்கில்லாவும் ஆக்கிலாவும் கூடவே கிளம்பினார்கள். எபேசு பட்டணத்தில் அவர்களை விட்டுவிட்டு அவர் தம் வழியே போனார்.

இங்கே நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். உரோமையிலிருந்து கிளம்பியபோது பின்னால் இராயனுடைய கட்டளை இருந்தது. கொரிந்துவிலிருந்து கிளம்பியபோது அவர்களை யாரும் துரத்தவில்லை. கடை இருந்தது, அறிமுகமான வாடிக்கைக்காரர் இருந்தார்கள், கிறிஸ்தவ சபை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. காலூன்றிய பிறகு, காலை எடுத்தார்கள். முதல் தடவை இழந்தார்கள். இரண்டாம் தடவை கொடுத்தார்கள். இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவே அந்தத் தையற்கடையில் என்ன நடந்தது என்று வேதாகமம் விவரிக்கவில்லை. ஏதோ நடந்திருக்கிறது.

எபேசுவில் இவர்கள் செய்த வேலையில் ஒன்று மட்டும் விவரமாய் எழுதப்பட்டிருக்கிறது. அலெக்சாந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ என்பவர் அங்கே வந்தார். நாவன்மை மிக்கவர், வேத வாக்கியங்களில் வல்லவர். ஆனால் ஸ்நாபக அருளப்பரின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்தவர். ஜெபக்கூடத்தில் துணிவோடு பேசினார். பிரிஸ்கில்லாவும் ஆக்கிலாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குறை இருப்பது தெரிந்தது. கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசியிருக்கலாம். வெளியே வந்து நாலு பேரிடம் “இவருக்குப் பாதிதான் தெரியும்” என்று சொல்லியிருக்கலாம். (பிரசங்கம் செய்கிறவன் என்ற முறையில் இந்த இரண்டாவது வழக்கத்தை நான் நன்கறிவேன்.) அவர்களோ அவரைத் தங்களிடம் அழைத்துப் போய், கடவுளின் மார்க்கத்தை இன்னும் திருத்தமாக எடுத்துச் சொன்னார்கள். படித்த பண்டிதருக்குக் கூடாரம் தைக்கிறவர்கள் ஞானோபதேசம் சொன்னார்கள். அதிலும் பெண்பிள்ளையின் பெயரே முதலில் இருக்கிறது. ஆறு இடங்களில் நான்கில் பிரிஸ்கில்லாவின் பெயரே முன்னால் வருகிறது. பொன்வாய் அர்ச். அருளப்பரும் இதைக் கவனித்துப் பேசியிருக்கிறார்.

அப்பொல்லோவும் சிறியவரல்ல, கேட்டுக்கொண்டாரே! பிற்பாடு அவர் கொரிந்துவுக்குப் போனார். அங்கே அவருக்கு உண்டான கீர்த்தியினால், நான் சின்னப்பரைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று சபையில் கட்சிகளே கிளம்பின. அவருக்குப் பாடம் சொன்னவர்கள் அதே கொரிந்துவில் முன்னே குடியிருந்தவர்கள். ஆனால் நான் பிரிஸ்கில்லாவைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்ட கட்சி எதுவும் சின்னப்பரின் நிருபத்தில் இல்லை.

எபேசுவிலிருந்து சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, இவர்கள் வீட்டில் கூடும் சபையின் மங்களத்தையும் சேர்த்து அனுப்புகிறார். நம் கோயில்களைப் போன்ற கட்டடங்கள் அப்போது இல்லை. தொழிலும் குடித்தனமும் நடந்த வீட்டில்தான் விசுவாசிகள் கூடி அப்பம் பிட்டார்கள். விருந்துக்கு வந்தவருக்கு இடம் ஒதுக்குவதே சிரமமான நம் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கி.பி. 54-ல் கிளவுதியுஸ் இறந்தார். சில ஆண்டு கழித்துச் சின்னப்பர் உரோமையருக்கு நிருபம் எழுதியபோது, இவர்கள் மறுபடி உரோமையில் இருக்கிறார்கள். அங்கும் வீட்டில் சபை கூடுகிறது. தம் உயிருக்காக இவர்கள் தங்கள் கழுத்தையே நீட்டியவர்கள் என்றும், தாம் மட்டுமல்ல, புறவினத்தார் சபைகள் எல்லாமே இவர்களுக்கு நன்றி செலுத்துகின்றன என்றும் எழுதி, மங்களம் சொல்லும் நீண்ட ஜாபிதாவில் இவர்களை முதலாவது வைக்கிறார். எந்த ஆபத்தில், எப்படிக் காத்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. உரோமையார் அறிந்திருப்பார்கள்.

16-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 2007 பிப்ரவரி 7-ந் தேதி நடந்த பொதுச் சந்திப்பில் இத்தம்பதிகளைப் பற்றியே பேசினார். அப்போஸ்தலர்களின் போதனையால் மட்டுமல்ல, இப்படிப்பட்ட குடும்பங்களின் விசுவாசத்தாலும் உழைப்பாலுமே கிறிஸ்தவ வேதம் நம் தலைமுறை வரை வந்து சேர்ந்தது என்பது அவர் கூறியதின் சாரம். இலத்தீன் திருச்சபையில் இவர்கள் நினைவு நாள் ஜூலை 8.

திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபமே இவர்களைக் கடைசியாகக் காணும் இடம். சின்னப்பர் சிறையில் இருக்கிறார். எல்லாரும் தம்மை விட்டுப் போனதைச் சொல்லி வருந்துகிறார். குளிருக்குப் போர்வையும் புத்தகங்களும் கொண்டு வரச் சொல்கிறார். முடிவில் பிரிஸ்காவுக்கும் ஆக்கிலாவுக்கும் மங்களம் சொல்லச் சொல்கிறார். அப்போது அவர்கள் உரோமையில் இல்லை. திமோத்தேயு இருந்த பக்கத்தில், மறுபடியும் வேறொரு வீட்டில் இருந்தார்கள்.