ஒரே விவரம் பல கோப்புகளில் இருத்தல்

அலகாபாத் மாவட்டம் 2018-ஆம் ஆண்டில் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் எட்டு வட்டங்களின் பயிர்க் கணக்கும் ஓர் இணையத்தளத்தில் எட்டுத் தனிக் கோப்புகளில் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் மாவட்டப் பெயர் எழுதப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். ஆறில் திருத்தி இரண்டை விட்டுவிட்டால், பெயரைக் கொண்டு கூட்டும் கணிப்பொறி இரு மாவட்டங்களைக் காட்டும். இரண்டின் தொகையும் தவறு. பிழையென்று எந்த அறிவிப்பும் தோன்றாது. இதுவே இதில் அஞ்சத்தக்கது. (பாதுகாப்புக்கென எடுத்துவைக்கும் நகல் வேறு, அது திருத்துவதற்கு உரியதன்று.)

இத்தகைய மிகைப்பதிவையும் அதனால் விளையும் முரண்பாட்டையும் எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் ஆராய்ந்து எழுதினார். அவர் வழிவந்த முறையில் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். ஏனைய கோப்புகள் அதன் குறியீட்டெண்ணையே தாங்கும். மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு மாவட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் அத்தகைய எண்களை வழங்குகிறது. கள அலுவலர் தம் படிவத்தில் ஊர்ப்பெயருடன் அவ்வெண்ணையும் குறித்தல் வேண்டும்.